எங்கே போய்ப் பறவை பார்ப்பது?

பறவை பார்க்க வேண்டும் என்னும் ஆசை இப்போது நம்மவரிடையே பரவி வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் அது தோன்றிய மறுகணமே 'எங்கே போவது?' என்ற கேள்வியும் பிறக்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: 'வேடந்தாங்கல்!' உடனே ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்படுகிறது. வீட்டில் புளியோதரையும் தயிர் சாதமும் தயாராகின்றன. குழந்தை குட்டிகளுடன் புறப்பட்ட குடும்பம் உச்சி வெயிலில் ஏரிக்கரையில் போய் இறங்குகிறது. தூரத்து மரங்களில் வெள்ளை வெள்ளையாக எதையோ கண்டு, 'இவ்வளவுதானா?' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கட்டுச் சோற்றைத் தீர்த்துவிட்டு, பொழுது சாயுமுன் ஊர் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பறவை என்ற பேச்சையே எடுப்பதில்லை.

குற்றம் வேடந்தாங்கலுடையது என்று நாம் சொல்ல மாட்டோம். கேள்வியில்தான் குறை இருக்கிறது. 'எங்கே?' என்று கேட்டவர் 'எப்போது?' என்றும், 'ஏன் அங்கே?' என்றும் கூடவே கேட்டிருக்க வேண்டும். பறவைகள் ஒரு நீர்நிலையைக் காரணமின்றித் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தக் காரணத்தை ஒரு முறை விளங்கிக்கொண்டோமானால், நம் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே பறவை கூடும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஏரி என்றும் குளம் என்றும் கண்மாய் என்றும் தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட நீர்நிலைகள் இருக்கின்றன. அவற்றில் சரணாலயம் என்று பெயர் பெற்றவை மிகச் சிலவே. மற்றவற்றில் பறவை இல்லை என்று யார் சொன்னார்கள்?

ஆகவே, முதலில் வேடந்தாங்கலையே பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குவோம்.

செங்கல்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்துக்கு அருகே, சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இவ்வூர். இதன் ஏரி 74 ஏக்கர்தான். மதுராந்தகம் பேரேரியைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது ஒரு குட்டையாகத் தோன்றும். இருந்தும் ஆயிரக்கணக்கான நாரைகளும் கூழைக்கடாக்களும் பேரேரியை விட்டு இந்தக் குட்டையில் வந்து கூடு கட்டுகின்றன. காரணம், மரங்கள். ஏரியின் நடுவிலேயே நீர்க்கடம்பும் கருவேலமும் வளர்ந்திருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் இம்மரங்கள் நீருக்குள் நின்று விடுகின்றன. கூட்டில் முட்டையிட்ட பறவைக்கு நாலு புறமும் நீர் என்பது கோட்டைக்கு அகழி வெட்டினாற்போல. பூனையும் கீரியும் எளிதில் நெருங்க முடியாது. சிறுவர்களும் கையில் கவணோடு வந்து நிற்க முடியாது. மழை தவறி ஏரி நிரம்பாத வருஷத்தில் அகழி வற்றிய கோட்டைக்குப் பறவைகள் குறைவாகவே வரும். ஆகையால் வேடந்தாங்கலுக்குப் போகத் தீர்மானிப்பவர் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதைக் காட்டிலும், 'இவ்வருஷம் அங்கே மழை எப்படி?' என்று விசாரிப்பது உத்தமம். நல்ல மழை பெய்த வருஷமானால் கார்த்திகை முதல் பங்குனி வரை போகலாம். தை பிறந்த பின் போனால் கூட்டில் குஞ்சுகளையும் பார்க்கலாம்.

நாளில் எந்த வேளை? காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில். இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கு மேல். சூரியன் நம் முதுகுப் புறம் இருக்குமாறு நிற்க வேண்டும். எதிர் வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் காக்கை நிறந்தான். மாலை வேளையை நாம் விசேஷமாகச் சிபாரிசு செய்கிறோம். வெளியே இரை தேடப் போன பறவைகள் கூட்டங் கூட்டமாகத் திரும்பி வரும் காட்சி அப்போதுதான் கிடைக்கும். அரிவாள் மூக்கன்கள் வரிசை பிடித்து வருவதும், கூழைக்கடா தன் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு சிறகடிக்காமல் சறுக்கி வந்து கிளையில் அமர்வதும், மரத்தில் பகலெல்லாம் தூங்கி வழிந்த வக்காக்கள் அதே நேரத்தில் கிளம்பி வேலைக்குப் புறப்படுவதும் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாதவை. அந்த ஒரு மணி நேரத்தைத் தவற விட்டவர் வேடந்தாங்கலைப் பார்த்தவராக மாட்டார்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தையும் போக்கிவிடுவோம். 'வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றனவாமே!' என்று சொல்லிக்கொண்டேதான் பலர் வேடந்தாங்கலுக்குப் புறப்படுகிறார்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் நம்மவருக்கு எப்போதுமே ஒரு மோகம். உண்மையில், அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத் தாரா, வக்கா எல்லாம் அசல் சுதேசிகள். நீர் இருக்கும் இடம் தேடி நம் தேசத்துக்குள்ளேயே இடம் மாறித் திரிபவை. வடக்கே தொலை தூரத்திலிருந்து வருகிற நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் உள்ளான் வகைகளும் இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலம் முழுவதும் நம் ஏரிகளில் உண்டு கொழுத்துவிட்டு, பங்குனி, சித்திரையில் தம் ஊர் சென்று அங்கே குடும்பம் நடத்துகின்றன. விருந்தாளிகளை வரவேற்க வேண்டியதுதான். அதற்காக வீட்டுக்காரரை மறந்துவிடலாமா?

சரி, மரம் இருக்கிறது, அகழி இருக்கிறது. சாப்பாடு? எழுபத்து நான்கு ஏக்கர் ஏரியால் இத்தனை பறவைக்கும் குஞ்சுக்கும் இரை போட முடியாது. இதைப் பலர் யோசிப்பதில்லை. நத்தை குத்தி நாரையைக் கவனியுங்கள். அதன் அலகின் இரு பாதிகளும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். நத்தையை அதன் ஓட்டிலிருந்து வெளியே எடுப்பதில் கெட்டிக்காரப் பறவை. நத்தை எங்கே கிடைக்கும்? சுற்றிலும் உள்ள நெல் வயல்களில். கொக்குக்குத் தவளையும், நாரைக்கு மீனும் பக்கத்து ஊர் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் கிடைக்கின்றன. வேடந்தாங்கல் ஏரி அவற்றுக்கு வீடு. சுற்றியுள்ள ஊர்களின் வயல்களும் தாங்கல்களும்தான் அடுப்படி. 1998-இல் சரணாலயத்தின் எல்லை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டதன் பொருத்தம் இப்போது விளங்கும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான காரணத்துக்கு வருகிறோம். அது மனிதர். 'வேடர்கள் தங்கிய இடம்' என்று பெயர்க் காரணம் சொல்லப்படும் ஓர் ஊர் பறவைகளுக்கு அடைக்கலம் ஆனதை என்னவென்று சொல்வது! பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியாரின் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் சும்மா இருக்கவில்லை. ஜில்லா கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டார்கள். அவரும் பறவைகளை யாரும் சுடலாகாது என்று 1798-ஆம் வருஷ வாக்கில் 'கௌல்' என்னும் உரிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இச்சம்பவத்தைக் கூறுகிற சிலர், ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பிரபு நமக்குப் பறவைகளைக் காப்பாற்றிக் கொடுத்ததாகவே பேசுகிறார்கள். கலெக்டர் செய்தது நல்ல காரியம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் கையொப்பமிடுவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஊரார் அந்தப் பறவைகளைத் தம்முடையவை என்று காத்து வந்ததால்தானே முறையீடே எழுந்தது? காகிதம் பிற்பாடு வந்தது. காவல் முன்பே இருந்தது.

ஊராரின் காவலில் தருமம் மட்டுமின்றி ஆதாயமும் இருந்தது. பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து ஏரி நீரே உரமாகிவிடுகிறது. அந்நீர் மதகு வழியே பாய்கிற வயல்களில் பயிர் செழிக்கிறது. ஆதாயம் பார்த்துக் காத்தார்கள் என்று இதை இளப்பமாகப் பேசுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பறவையும் பிழைத்து மனிதனும் பிழைக்கும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்து, அதைப் பாட்டன் பேரனுக்குச் சொல்லித் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்தது படிப்பாளிகளுக்குக் கூட எளிதில் கைகூடாத அறிவு.

இப்போது, வேடந்தாங்கலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கரிக்கிலிக்குப் போவோம். அதுவும் சரணாலயந்தான். வேடந்தாங்கலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி பேருக்கு அதன் பெயர் தெரியாது. இங்கே திறந்த நீர்ப்பரப்பும் ஆழமில்லாத ஓரங்களும் அதிகம். வேடந்தாங்கலில் மரத்தைப் பார்த்து நிமிர்ந்த கழுத்து, இங்கே நீரைப் பார்க்க இறங்கி வரும். வாத்து வகைகளும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீரில், உள்ளான்கள் சேற்றில். ஒரே வட்டாரம், ஒரே மழை, பக்கத்துப் பக்கத்து ஏரிகள். ஆயினும் வாசம் செய்கிறவர்கள் வேறு. ஏன் என்றால், ஆழம் வேறு.

பறவை தேடுகிறவருக்கு இந்த ஆழக் கணக்குப் பாலபாடம். குட்டைக் கால் உள்ளானுக்கு ஈரச் சேறு போதும். விரலளவு நீருக்கு மேல் அதனால் நிற்க முடியாது. நெடுங்கால் உள்ளான் அதைக் காட்டிலும் சற்று உள்ளே போகும். கொக்குக்கும் நாரைக்கும் முழங்கால் அளவு. நீரில் தலைகீழாய்க் கவிழ்ந்து வாலை மட்டும் மேலே காட்டி மேயும் ஊசிவால் வாத்துக்கு அதைவிடச் சற்று ஆழம். நீர்க்காகத்துக்கும் பாம்புத் தாராவுக்கும் முழுகி மீன் பிடிக்கிற ஆழம் வேண்டும். ஆகையால் கரை தளும்ப நிறைந்திருக்கும் ஏரி கண்ணுக்கு அழகாயிருந்தாலும் அதில் பறவை வகை குறைவு. தை, மாசியில் பாதி வற்றி, ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் சேறு, நடுவே திட்டு என்று கோணல் மாணலாகக் கிடக்கும் ஏரிதான் பறவைக்காரனுக்குப் புதையல். வற்ற வற்ற மீன்கள் ஒரே இடத்தில் ஒதுங்குகின்றன. கூழைக்கடாவும் நாரையும் நாலா திசையிலிருந்தும் அங்கே வந்து குவிகின்றன. இப்படிப்பட்ட திருவிழா ஓர் ஏரியில் ஒரு வாரமோ பத்து நாளோதான் நடக்கும். பிறகு அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

ஏரியைத் தூர் வாருகிறோம் என்று அதிகாரிகளும் தனவந்தர்களும் இக்காலத்தில் மிகுந்த உற்சாகம் காட்டுகிறார்கள். தூர் வார வேண்டியதுதான். ஆனால் ஒரே சீராகக் கிணறுபோல் ஆழப்படுத்தி, கரையைச் செங்குத்தாக்கி, நடுவிலுள்ள மரங்களையும் வெட்டிவிட்டால் நீர் நிற்கும், பறவை நிற்காது. ஓரத்தில் கொஞ்சம் சரிவையும் நடுவில் நாலு கருவேல மரங்களையும் விட்டு வைப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தப் பாடங்களை வைத்துக்கொண்டு அவரவர் ஊரில் தேடத் தொடங்கலாம். முதலில் ஓர் ஊர்ப்படம் எடுத்துச் சுற்றுப்புறத்து ஏரி குளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆட்களைக் கேளுங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவரை நீர்க்கட்டி என்பார்கள். எந்த ஏரியில் இப்போது எவ்வளவு நீர் என்பது அவருக்குத் தெரிந்ததுபோல் வேறு எவருக்கும் தெரியாது. ஆடு மேய்ப்பவர், மீன் குத்தகை எடுத்தவர் இவர்களும் நல்ல ஆசான்கள். மீன் குத்தகைக்காரர் பறவையைக் குறித்துக் கொஞ்சம் கடிந்து பேசுவார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டால் எந்த மூலையில் எத்தனை நீர்க்காகம் என்று அவரே கணக்குச் சொல்வார். இவர்கள் வாயில் வழங்கும் பறவைப் பெயர்களையும் மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள். 'செங்கால் நாரை' என்ற பெயரையும், அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்ட கூரிய பார்வையையும் நமக்குக் கொடுத்தவர் சத்திமுத்தப் புலவர். அப்படிப்பட்ட பாஷையில், குழந்தைகள் மைனாவையும் புறாவையும் தவிர மற்றதெல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயரைத் தேடிப் போவதைப் பார்த்தால் மனம் வருந்துகிறது.

ஏரியே இல்லாத ஊரில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். காலை வேளையில் வயல் ஓரமாகத் தந்திக் கம்பங்களும் மின் கம்பிகளும் செல்லும் சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். கம்பியில் பனங்காடை, பச்சைப் பஞ்சுருட்டான், கரிச்சான், கீச்சான்; தரிசில் கொண்டலாத்தியும் ஆள்காட்டியும். பாழுங் கிணற்றின் மேல் சாய்ந்த கிளையிலும் பனை ஓலை நுனியிலும் தூக்கணாங்குருவியின் கூடுகள். பனைமரம் உள்ள இடத்தில் தலைக்கு மேலே ஓயாமல் வட்டமிடும் பனை உழவாரன். ஆலும் அரசும் பழுத்திருக்கும் காலத்தில் மரத்தடியில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் குக்குறுவான், குயில், மாங்குயில் எல்லாம் தாமே வந்து சேரும். சூறைக்குருவிக் கூட்டம் மேகம்போல் திரண்டு வந்து இறங்கும் பாக்கியமும் குளிர்காலத்தில் சிலருக்குக் கிட்டும். இதற்கெல்லாம் பிரயாணச் செலவு ஒரு காசும் இல்லை.

பிரயாணம் செய்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் சில இடங்களைச் சொல்லிவிடுகிறோம். ஈரோட்டார்க்கு வெள்ளோடு, தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தார்க்கு வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும், ராமநாதபுரத்தார்க்குச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், நாஞ்சில் நாட்டார்க்குச் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலியோடு இவை எல்லாமே 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலைகளாக அங்கீகாரம் பெற்றவை. வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரை அவற்றுக்கெல்லாம் மூத்தது. 2002-லேயே அப்பெருமையை அடைந்தது. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பெடுக்க நடந்து சென்ற வேதாரணியத்து மண்ணை மிதித்து வணங்கிவிட்டு, அப்பாலுள்ள உப்பளங்களையும் சதுப்பையும் பாருங்கள். நீண்ட காலும் வளைந்த அலகும் உடைய பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை அலகால் சலித்து மேய்வதைக் காணலாம். ஒரே யாத்திரையில் இரண்டு புண்ணியம்.

ஆனால் ஓர் இடத்துக்குத்தான் போக முடியும், எதற்குப் போகலாம் என்று கேட்டால், நாம் திருநெல்வேலி ஜில்லாவில் நாங்குநேரிக்கு அருகேயுள்ள கூந்தன்குளத்தைத்தான் சொல்வோம். மற்ற இடங்களில் பறவைகளைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம். கூந்தன்குளத்தில் அவை ஊருக்குள்ளேயே குடியிருக்கின்றன. வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். கீழே அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். மேலேயிருந்து எச்சமும் மீன் துண்டும் விழும், நாற்றமும் உண்டு, குஞ்சுகளின் இரைச்சலும் உண்டு. நம்மில் எத்தனை பேர் இதைச் சகித்துக்கொள்வோம்? அவ்வூரார் பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்கிறார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். எச்சம் சேர்ந்த வண்டலை வயலுக்கு உரமாக்கிக்கொள்கிறார்கள். பறவைகள் மிரளுமென்று வெடி வெடிப்பதில்லை. இமயமலையைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தும் குளிர்காலத்தில் இக்குளத்துக்கு விருந்தாளி. சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் பல காலமாகத் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதில்லை. தீபாவளிக்குப் பட்டாசு இல்லை என்று குழந்தையிடம் சொல்லிச் சமாதானம் செய்கிற தாயார் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறார் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள்.

இவ்விடங்களுக்கெல்லாம் போகிறவர்கள் சில மரியாதைகளை அறிந்திருக்க வேண்டும். கூட்டை நெருங்கிப் படம் எடுக்கலாகாது. தாய்ப்பறவை பயந்து எழுந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும், காக்கை காத்துக்கொண்டிருக்கும். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதை வெளியே வரவழைப்பது ஏமாற்று வித்தை, அதைச் செய்யாதீர்கள். வெள்ளையும் சிவப்புமாய் உடுத்துவதைவிட மங்கலான நிறம் நல்லது. பைனாகுலர் ஒன்று இருந்தால் சௌகரியம், இல்லாவிட்டாலும் குறையில்லை. நோட்டுப் புத்தகம் மட்டும் கட்டாயம் வேண்டும். நாள், வேளை, இடம், நீர் எவ்வளவு, பறவை என்ன, எத்தனை என்று ஆறு விஷயங்களை எழுதினால் போதும். பெயர் தெரியாத பறவைக்கு அலகின் வடிவம், காலின் நிறம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்துக்கொண்டு வந்து வீட்டில் படத்தோடு ஒப்பிடலாம். இதை வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள். பெரியவர்களைக் காட்டிலும் கண்ணும் கணக்கும் அவர்களுக்குச் சுத்தம்.

நோட்டுப் புத்தகத்தை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இக்காலத்தில் 'ஈபேர்ட்' என்ற இணையத்தளத்தில் யார் எங்கே என்ன பறவை பார்த்தாலும் பதிவு செய்யலாம். எந்த இடத்தில் எத்தனை வகை பதிவாகியிருக்கிறது என்பதைத் தேசப் படத்தில் பார்க்கலாம். நல்ல இடம் தேடுகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்ப்பது நலம். ஆனால் அப்படத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சென்னையைச் சுற்றியும் பெரிய நகரங்களைச் சுற்றியும் பதிவுகள் நெருங்கிக் கிடக்கும். உள்நாட்டுத் தாலுக்காக்கள் பலவற்றில் வெறிச்சென்று இருக்கும். அங்கே பறவை இல்லை என்பதல்ல அதன் பொருள்; எழுதத் தெரிந்தவர் யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

வெறுமையாய்க் கிடக்கும் அந்த இடங்களுக்குத்தான் ஆபத்து முதலில் வருகிறது. ஓர் ஏரியை மூடி மனை போடவோ, அதன் பக்கத்தில் ஆலை எழுப்பவோ யாராவது எண்ணினால் 'இது வெறும் புறம்போக்கு, இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்பார்கள். பதில் சொல்லக் கையில் கணக்கு வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். பயனற்ற நிலம் என்று கருதி அதில் குப்பையைக் கொட்டினார்கள். கட்டடங்களும் சாலைகளும் பெரும் பகுதியை விழுங்கின. பறவை ஆர்வலர்கள் வருஷக் கணக்கில் கரையில் நின்று எண்ணி எழுதி வைத்த பட்டியல்கள் எஞ்சிய பகுதிக்குப் பெரிய துணையாயின. 2022-இல் அதுவும் ராம்சார் நிலமாயிற்று. பெயர் பெற்ற வேடந்தாங்கலுக்குமே சோதனை வராமலில்லை. சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையைக் குறைக்கலாம் என்று 2020-இல் ஒரு யோசனை கிளம்பியது. ஏரியைத்தான் தொடவில்லையே, சுற்றியுள்ள நிலந்தானே என்று அதற்குச் சமாதானம் சொன்னவர்களும் உண்டு. அடுப்படியை இடித்துவிட்டு வீட்டை விட்டு வைத்திருக்கிறோம் என்பது போன்ற சமாதானம் அது. பல திசைகளிலிருந்தும் கண்டனம் எழுந்தது. நாரைகள் எந்த வயலில் மேய்கின்றன என்று தெரிந்தவர்களால்தான் அக்கண்டனத்தைக் காரண காரியத்தோடு எழுப்ப முடிந்தது.

இவ்வாறு எண்ணுவதற்கென்றே ஒரு பண்டிகை நாளும் இருக்கிறது. 2015-இலிருந்து வருஷந்தோறும் பொங்கலையொட்டித் தமிழ்நாடெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. எந்த இடத்தில் வேண்டுமானாலும், குறைந்தது கால் மணி நேரம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் விதி. மாட்டுப் பொங்கலன்று விருந்துண்டு உறங்குவதற்கு முன்னால், பக்கத்து ஏரிக்கரைக்கு ஒரு நடை போய் வரலாம். நம் நேயர்கள் இருக்கும் ஊர்கள் பல. ஊருக்கு ஒரு குடும்பம் ஓர் ஏரியைத் தத்தெடுத்து, மாதம் ஒரு முறை அதே கரையில் நின்று எண்ணி வந்தால், இரண்டே வருஷத்தில் அந்த ஏரியைப் பற்றி ஜில்லாவில் அவர்களைவிட அறிந்தவர் இருக்க மாட்டார்.

உள்ளான்களில் வகை பிரிப்பது எப்படி என்று கேட்பவர்களும் உண்டு. அவை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றி ஆளைத் திணறடிப்பது உண்மைதான். அலகின் நீளத்தையும் காலின் நிறத்தையும் கொண்டு அவற்றைப் பிரித்தறியும் வழியை அடுத்த வாரம் சொல்கிறோம். அதற்குள் ஒரு காலை வேளை, வற்றி வரும் ஏரி ஒன்றின் சேற்றோரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.